மாசி மகத்துக்குப் போனேன், வானத்தைக் கேட்டார்கள்

புதன், மஞ்சக்குப்பம்

அக்கா வீட்டுக் கூடத்தில் இரண்டு காலண்டர்கள் தொங்குகின்றன. ஒன்று மளிகைக் கடை கொடுத்தது, இன்னொன்று நகைக் கடை. மகம் நட்சத்திரம் எப்போது தொடங்குகிறது என்பதில் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். "படிச்சவன்தானே, நீயே சொல்லு, எது சரி?" என்று கேட்டுவிட்டு அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். அக்காவின் கேள்விகள் எப்போதும் இப்படித்தான். பதிலுக்கு நிற்க மாட்டாள்.

அதற்குச் சனிக்கிழமை வருகிறேன். மாசிக்கும் மகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பத்தாவது படிக்கும் அக்கா மகள் கேட்டாளே, முதலில் அது.

பௌர்ணமி அன்று சூரியனும் நிலாவும் நமக்கு எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும். மாசியில் சூரியன் கும்ப ராசியில். அதற்கு நேர் எதிரே சிம்மம். ஆகவே மாசிப் பௌர்ணமி நிலா சிம்மத்தில்தான் நின்றாக வேண்டும், அந்த ராசியின் முதல் நட்சத்திரம் மகம். தைப்பூசம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம், கார்த்திகைக் கார்த்திகை எல்லாம் இதே கணக்குதான். அந்தந்த மாதத்து முழுநிலா எந்த விண்மீனுக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அந்த விண்மீனுக்கு விழா. நிலா ஒரு நாளைக்குச் சராசரியாக 13 பாகை நகர்ந்துவிடும், மாதத்தில் பௌர்ணமி விழும் தேதியும் முன்னே பின்னே போகும். அதனால் சில வருஷம் மகம் முந்தின நாளிலும் பௌர்ணமி மறுநாளிலும் வரும். இந்த வருஷம் இரண்டும் ஒட்டியே வந்திருக்கின்றன.

"அப்போ காலண்டரே வேணாம், அண்ணாந்து பாத்தாப் போதும்ங்கிறீங்களா மாமா?" என்றாள். ஏறக்குறைய ஆமாம். சந்தேகம் இருந்தால் மொட்டை மாடி பக்கத்தில்தான்.

வியாழன், தேவனாம்பட்டினம்

விடியற்காலை ஐந்தரைக்கே சில்வர் பீச்சுக்குப் போகிற ரோடு நிறைந்துவிட்டது. டிராக்டரில் சாமி, மினி லாரியில் சாமி, தோளில் சாமி. சுற்றுப்பட்டுக் கிராமங்களின் உற்சவ மூர்த்திகள் எல்லாம் வரிசையாக மணலில் இறங்க, ஒவ்வொரு சாமிக்கும் ஒரு மேளம். பக்கத்துச் சாமியின் மேளத்தை அமுக்கிவிட வேண்டும் என்று எல்லா மேளக்காரர்களுக்கும் ஒரே எண்ணம். ஒரு பக்கம் அப்பாவுக்குத் திதி கொடுப்பவர்கள், இன்னொரு பக்கம் பஞ்சு மிட்டாய்.

ஆறு இருபத்தைந்து வாக்கில் சூரியன் எழும்பியது. திசைகாட்டியை அக்கா மகள் கையில் கொடுத்தேன். "நேர் கிழக்குல உதிக்கலையே" என்றாள். உதிக்காது. மார்ச் 20, செப்டம்பர் 22 தேதிகளை ஒட்டித்தான் சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும். மாசி நடுவில் கிழக்குக்கு ஏழெட்டுப் பாகை தெற்கே தள்ளி எழும். மார்கழியில் இன்னும் தெற்கே, ஆனி ஆடியில் நன்றாக வடக்கே. இவ்வளவு பெரிய கடல் எதிரே இருக்கும்போது கடலூர்ப் பிள்ளைகள் இதைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள் என்பது எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

தீர்த்தவாரி முடிந்து கூட்டம் கலைந்ததும் படகு நிழலில் உட்கார்ந்தோம். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்துவிட்டு, "நெலாவப் பாக்கவா சார்?" என்றார். பிறகு அவரே பேசினார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் நன்றாக ஏறும், நன்றாக வற்றும். அஷ்டமி, நவமியில் ஏறுவது இறங்குவது தெரியாது. இன்றைக்கு ஏறுகிற நேரத்தை விட நாளைக்கு முக்கால் மணி நேரம் தள்ளி ஏறும். எல்லாம் அளந்து வைத்தது போலச் சரி. ஒரு சந்தேகம்தான் அவருக்கு. "பௌர்ணமின்னா நெலா பெருசா இருக்கு, இழுக்குது. அமாவாசைக்கு நெலாவே இல்லியே, அப்ப ஏன் ஏறுது?"

இதை விட நல்ல கேள்வியை எந்த அரங்கிலும் நான் கேட்டதில்லை. நிலா தெரிவதும் தெரியாததும் நம் கண்ணுக்குத்தான், கடலுக்கு இல்லை. அமாவாசையன்றும் நிலா அதே எடையோடு மேலே இருக்கிறது, சூரியன் இருக்கும் பக்கத்திலேயே நிற்பதால் தெரியவில்லை. கடலை இழுப்பதில் சூரியனுக்கும் பங்கு உண்டு, நிலாவின் பங்கில் பாதிக்குச் சற்றுக் குறைவாக. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே வரிசையில் வருவதால் இரண்டு இழுப்பும் சேர்ந்துகொள்கின்றன. அஷ்டமி வாக்கில் நிலாவும் சூரியனும் செங்கோணத்தில் நிற்கின்றன, ஒன்றின் வேலையை மற்றொன்று குறைத்துவிடுகிறது. முக்கால் மணி நேரத் தாமதம் எதனால்? பூமி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் நிலாவும் தன் பாதையில் கொஞ்சம் முன்னே போய்விடுகிறது, அதை எட்டிப் பிடிக்க பூமிக்கு இன்னும் ஐம்பது நிமிஷம் ஆகிறது.

பெரியவர் வலையை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அமாவாசையில அது சூரியனுக்குப் பக்கத்துல நிக்குது. சரிதான்" என்றார். அத்தோடு வலைக்குத் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் மறுபடி வந்தோம். மேற்கே சூரியன் அடங்கிய கையோடு கிழக்கே கடல் மட்டத்தில் நிலா முளைத்தது. செம்பு நிறம், அடிப்பக்கம் கொஞ்சம் நசுங்கியிருந்தது. பீச்சில் இருந்த அத்தனை போனும் மேலே போயின. போனில் பார்த்தால் நிலா ஒரு புள்ளி. "நேர்ல இவ்ளோ பெருசா இருக்கு, போட்டோல ஏன் மாமா வரலை?"

ஏனென்றால் அது பெரிசாகவே இல்லை. கையை முழுக்க நீட்டிச் சுண்டுவிரலைத் தூக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய ஒரு பாகை, நிலா அரைப் பாகை. அடிவானத்தில் இருக்கும்போது சுண்டுவிரலில் பாதி. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உச்சியில் இருக்கும்போதும் சுண்டுவிரலில் பாதிதான். சொல்லப்போனால் உதிக்கும் நிலாதான் துளி சிறிசு. அது உச்சிக்கு வரும்போது பூமியின் சுழற்சியில் நாம் அதன் பக்கம் கிட்டத்தட்ட பூமியின் ஆரம் அளவுக்கு, அதாவது 6,400 கிலோமீட்டர் வரை, நெருங்கிவிடுகிறோம். மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டரில் அது பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் நம் கண் சொல்வதற்கு நேர்மாறு. படகு, கலங்கரை விளக்கம், ஆள் என்று பக்கத்தில் எதுவாவது இருந்தால் மூளை நிலாவை ஊதிப் பெரிசாக்கிவிடுகிறது. அப்படி ஏன் செய்கிறது என்பதில் உளவியல்காரர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நிறமும் நசுங்கலும் நிஜம். அடிவானத்து ஒளி தடித்த காற்றைக் கடந்து வருகிறது, நீலம் வழியிலேயே சிதறிப்போகச் சிவப்பு மிஞ்சுகிறது. அடி விளிம்பிலிருந்து வரும் ஒளியை அதே காற்று மேல் விளிம்பை விடக் கூடுதலாக வளைத்துத் தூக்குவதால் நசுக்கம்.

பௌர்ணமிதோறும் பூமி நடுவில்தானே நிற்கிறது, ஏன் மாசாமாசம் கிரகணம் இல்லை என்று பக்கத்தில் சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தவர் கேட்டார். நிலாவின் பாதை பூமியின் பாதைக்கு ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான மாதங்களில் நம் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ நழுவிப் போய்விடும்.

எட்டு மணிக்கு மேல் நிலாவை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பக்கத்தில் தேடினோம். கூசும் வெளிச்சத்துக்குள் மகம் தெரிந்தது, ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அங்கிருந்து ஒளி வந்து சேர 79 ஆண்டுகள். நாடு சுதந்திரம் அடைந்த சமயத்தை ஒட்டிக் கிளம்பிய வெளிச்சம். அப்போது கடலூரில் வெள்ளைக்காரன் போய்விட்டான். பதினைந்து மைல் வடக்கே பாண்டியில் பிரெஞ்சுக்காரன் இன்னும் இருந்தான்.

வெள்ளி, புதுச்சேரி

ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம். ஒரு மணி நேரத்துப் பஸ். கட்டணத்தை விட ஹாரன் சத்தம் அதிகம்.

எனக்குப் பாண்டி என்றால் லெ ஜான்டிய் என்கிற துரதிர்ஷ்டசாலிப் பிரெஞ்சு வானியலாளரின் ஊர். பாரதி பூங்காவில் பிள்ளைகள் சறுக்கு மரம் விளையாடுகிற பக்கத்தில்தான் பழைய பிரெஞ்சுக் கோட்டை இருந்தது. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? நாடாவைப் பிடித்து அளக்க முடியாத தூரத்தை யார், எப்படி அளந்தார்கள்? பள்ளிகளில் பேசப்போனால் தவறாமல் வரும் கேள்வி இது. கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை. விரல் பின்னால் உள்ள சுவரில் இடம் மாறும். இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள தூரமும், விரல் எவ்வளவு நகர்ந்தது என்பதும் தெரிந்தால் விரலின் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்து போகும்போது, பூமியின் வெவ்வேறு மூலைகளில் இருந்து அதைப் பார்த்து நேரம் குறித்தால் இதே கணக்கைச் சூரியனுக்குப் போடலாம் என்று ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1716-ல் எழுதினார். ஒரே சிக்கல், அந்தக் கடப்பு அபூர்வம். எட்டு வருஷ இடைவெளியில் ஒரு ஜோடி, அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் ஒன்றும் கிடையாது. வெள்ளியின் பாதையும் மூன்று பாகைக்கு மேல் சாய்ந்திருப்பதுதான் காரணம்.

1761 ஜூன் 6-ல் வரவிருந்த கடப்பைப் புதுச்சேரியில் இருந்து பார்க்க, 1760 மார்ச்சிலேயே பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார் லெ ஜான்டிய். நடுவில் போர். இந்தியக் கரைக்கு வந்து சேரும் நேரத்தில் பாண்டி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்ட சேதி மாஹேயில் கிடைத்தது. கப்பல் திரும்பியது. அந்த நாளில் வானம் துல்லியமாக இருந்தது, வெள்ளி சூரியனைக் கடந்ததை அவரும் பார்த்தார், நடுக்கடலில், ஆடுகிற கப்பலில் நின்றபடி. ஆடும் தளத்தில் ஊசல் கடிகாரம் ஓடாது. எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறோம் என்பதும் சரியாகத் தெரியாது. பார்த்ததில் பயனில்லை.

அடுத்தது எட்டு வருஷத்தில்தானே என்று இந்தப் பக்கக் கடலிலேயே தங்கிவிட்டார். மணிலா வரை போனார். பாண்டி மறுபடி பிரெஞ்சுக்காரர்களிடம் வந்ததும் 1768 மார்ச்சில் இங்கே வந்து, இடிந்த கோட்டை மேல் ஒரு வானாய்வகம் கட்டிக்கொண்டார். ஓராண்டுக்கு மேல் தயாரிப்பு. 1769 மே மாதத்துக் காலைகள் பளிச்சென்று இருந்தன. ஜூன் 4, சூரியன் உதிக்கும்போது வெள்ளி அதன் மேல் இருக்க வேண்டிய நேரம். மேகம் மூடியது. கடப்பு முடிந்த கொஞ்ச நேரத்தில் கலைந்தது. அவர் விட்டுவிட்டு வந்த மணிலாவில் அன்றைக்கு வானம் தெளிவு.

இரண்டு வாரத்துக்கு மேல் பேனாவைக் கையில் எடுக்க மனம் வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். 1771-ல் ஊர் திரும்பினால், செத்துப்போனதாக முடிவுகட்டி அறிவியல் கழகத்து இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். சொத்தைப் பங்கு போட உறவுக்காரர்கள் தயாராக இருந்தார்கள்.

அவர் கண்ணுக்குத் தப்பியதை மற்றவர்கள் பிடித்தார்கள். தாஹிட்டியில் கேப்டன் குக் குழுவினர் உட்படப் பல இடத்து அளவுகளைச் சேர்த்து 1771-ல் தாமஸ் ஹார்ன்ஸ்பி போட்ட கணக்கு, இன்றைய அளவான சுமார் 15 கோடி கிலோமீட்டரிலிருந்து ஒரு சதவீதம்கூட விலகவில்லை. அடுத்த கடப்பு 2117 டிசம்பரில். 2012 ஜூன் 6 காலையில் நடந்த கடைசிக் கடப்பின்போது தூங்கியவர்களுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ராத்திரி பீச் ரோட்டில் நடை. ஆறு மணிக்கு மேல் வண்டிகளை விடாததால் நிம்மதியாக அண்ணாந்து நடக்கலாம். ஏழே முக்காலுக்குத் தெற்கே திரும்பி நின்றால் உயரத்தில் சிரியஸ், வைரக்கல் மாதிரி நிறம் மாறி மாறி மின்னுகிறது. அதற்கு நேர் கீழே, அடிவானத்திலிருந்து 25 பாகை உயரத்தில் இன்னொன்று, அகத்தியர். இரவு வானத்து நட்சத்திரங்களில் பிரகாசத்தில் முதலும் இரண்டாவதும் இவை. பாரிசில் இருந்து அகத்தியரைப் பார்க்கவே முடியாது, அடிவானத்துக்கு மேலே வராது. அதன் தூரம் சுமார் 310 ஒளியாண்டு. ஹாலி கட்டுரை எழுதிய காலத்தை ஒட்டிக் கிளம்பிய ஒளி. லெ ஜான்டிய்க்கு மேகம் இல்லாத ராத்திரிகளில் இதாவது கிடைத்திருக்கும்.

மேசை போட்டு சோளம் சுட்டுக்கொண்டிருந்த அம்மா, "நட்சத்திரம் மினுக்குது, கிரகம் மினுக்காதுன்னு சொல்றாங்களே, நெசமா தம்பி?" என்றார். பெரும்பாலும் நிஜம். நட்சத்திரம் அவ்வளவு தூரத்தில் வெறும் புள்ளி, அந்த ஒற்றை ஒளிக்கீற்றைக் காற்றுக் கலங்கல் இஷ்டத்துக்கு ஆட்டுகிறது. கிரகம் பக்கத்தில் இருப்பதால் சின்ன வட்டு. அதன் ஒரு பக்க ஒளி மங்கும்போது மறுபக்கம் ஈடுகட்டிவிடும்.

துருவ நட்சத்திரம் வடக்கே 12 பாகையில் இருக்க வேண்டும். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, துருவனின் உயரமும் அவ்வளவே. கட்டடங்களும் உப்புக் காற்றும் விடவில்லை. பட்டப்பகலில் மண்டபத்துக் கூரையைக் காட்டி அருந்ததி பார்க்க வைக்கிற நாம் துருவனைத் தேடி அலையப்போவதில்லை, அது வேறு விஷயம்.

சனி, புதுச்சேரி

பெரிய மார்க்கெட்டில் இரண்டு பஞ்சாங்கமும் வாங்கினேன். அக்காவின் கேள்விக்குப் பதில்.

நிலா ஒரே சீராக ஓடாது. நீள்வட்டப் பாதை என்பதால் பூமிக்கு அருகே வரும்போது வேகம், விலகும்போது மந்தம். அருகிலிருந்து மறுபடி அருகே வர 27 நாளும் சொச்சமும். இப்படி ஒன்பது சுற்றுக்கு 248 நாள், கிட்டத்தட்ட மிச்சமே இல்லாமல் முழுசாக வருகிறது. அதனால் நம் முன்னோர் நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள் கட்டினார்கள். எழுத்துக்கு ஓர் எண். வாக்கியத்தை மனப்பாடம் செய்தவனுக்கு நிலா நிற்கும் இடம் தெரியும். அதுதான் வாக்கியப் பஞ்சாங்கத்தின் வேர். திருக்கணிதம் இன்றைய வானியல் அளவுகளைச் சேர்த்துக்கொண்டது. ஆகவே வானத்தில் நிலா நிஜமாக நிற்கும் இடத்துக்குத் திருக்கணிதமே கிட்டம். இரண்டுக்கும் திதி, நட்சத்திர நேரங்களில் சில மணி நேரம்கூட வித்தியாசம் வரும். கோயில் எதைப் பின்பற்ற வேண்டும் என்பது வானியல் கேள்வி இல்லை, அதில் நான் தலையிடவில்லை.

வாக்கியத்தை இளப்பமாக நினைக்கவும் வேண்டாம். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் இதே புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாட வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே, ஒரு வரிகூட எழுதாமல் 1825-ம் ஆண்டு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் நான்கு நிமிடம் பிழை, நடுவில் 23, முடிவில் 52. தாளும் தொலைநோக்கியும் இல்லாமல், பல நூற்றாண்டு பழைய வாய்பாட்டை வைத்துக்கொண்டு. வாரன் இதை எழுதி வைக்காமல் இருந்திருந்தால் அந்தச் சோழிகள் பற்றி நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கணித்தவர் நம் ஊர்க்காரர்தான், எழுதி வைத்தது வேறு யாரோ.

மத்தியானம் வெயில். தூங்கினேன்.

ஞாயிறு, திருவக்கரை

அக்காவும் மகளும் கடலூரிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். அக்காவுக்கு வக்ரகாளி கோயில், எனக்குக் கல்மரம். ஆளுக்கொரு சாமி.

பஸ்ஸில் அக்கா கேட்டாள்: "சனி வக்ரமாப் போகுதுங்கிறாங்களே, பின்னாடியா நடக்குது?" சொல்லத் தொடங்கும்போதே வழியில் ஒரு கரும்பு டிராக்டர் உதவிக்கு வந்தது. எங்கள் பஸ் அதை முந்தியபோது, தூரத்துப் பனைமரங்களை வைத்துப் பார்த்தால் டிராக்டர் பின்னால் நழுவுவது போல் இருந்தது. டிராக்டர்காரர் முன்னேதான் போய்க்கொண்டிருந்தார். பூமி உள் பாதையில் வேகமாக ஓடுகிறது, சனி வெளிப் பாதையில் நிதானமாக. வருஷத்துக்கு ஒரு முறை நாம் அதை முந்தும்போது, நாலரை மாதம் போல, நட்சத்திரங்களுக்கு நடுவே சனி பின்வாங்குவதாகத் தெரியும். "அப்ப சனி பேர்ல தப்பில்ல, நம்ம பேர்லதான்" என்றாள் அக்கா.

கல்மரப் பூங்காவில் செம்மண் மேட்டில் அடிமரங்கள் விழுந்து கிடக்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தேன். பட்டை இருக்கிறது, கணு இருக்கிறது, வெட்டுப் பகுதியில் வளையங்கள்கூட. தட்டினால் 'டங்'கென்று கல் சத்தம். ஆற்று வெள்ளத்தில் வந்து மணலில் புதைந்து, மரத்தின் ஒவ்வொரு செல்லிலும் சிலிக்கா ஏறிக் கல்லானவை. வயது சுமார் 2 கோடி ஆண்டு. 1781-ல் சொனரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் இவற்றைப் பற்றி எழுதினார்.

ஒளியாண்டு என்பது காலமா தூரமா என்று அக்கா மகளுக்குக் குழப்பம். தூரம்தான், ஒளி ஓர் ஆண்டில் கடப்பது, ஏறக்குறைய ஒன்பதரை லட்சம் கோடி கிலோமீட்டர். எண்ணாகச் சொன்னால் மனசில் நிற்காது, ஆகவே ஒரு கல்மரத்தின் மேல் கையை வைக்கச் சொன்னேன். 2023 மே மாதம் சப்தரிஷி மண்டலத்துப் பக்கம் எம்101 என்ற விண்மீன் கூட்டத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது தெரிந்தது. ஜப்பானில் ஒரு தனி ஆர்வலர்தான் முதலில் கண்டுபிடித்தார். அந்தக் கூட்டம் ஏறக்குறைய 2.1 கோடி ஒளியாண்டு தூரம். வெடிப்பு நடந்த காலத்தில்தான் இந்த மரங்களும் நின்றிருக்கும், கொஞ்சம் முன்னே பின்னே. ஒளி கிளம்பி வந்துகொண்டே இருந்தது. இங்கே மரம் விழுந்து, புதைந்து, கல்லாகி, மேலே வந்து, நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கவும் வந்துவிட்டோம்.

"இப்ப அங்க என்ன இருக்கும் மாமா?" என்றாள். தெரிந்துகொள்ள இன்னும் 2.1 கோடி வருஷம் காத்திருக்க வேண்டும்.

திரும்புகிற பஸ்ஸில் அவள் பள்ளியில் செய்ய ஒரு வேலை கேட்டாள். கொடுத்தேன், நீங்களும் செய்யலாம். உச்சி வெயிலில் சூரியன் தினமும் நேர் மேலே நிற்கும் என்று நாம் நினைக்கிறோம். கடலூர், புதுச்சேரிக்கு அது வருஷத்தில் இரண்டே தடவை: ஏப்ரல் 21-ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 21-ஐ ஒட்டி ஒன்று. அன்றைக்குச் சமதரையில் ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் விழாது. நேரம் பகல் 12 இல்லை. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாம் இரண்டரைப் பாகைக்கு மேல் மேற்கே இருக்கிறோம். ஏப்ரலில் 12:10, ஆகஸ்டில் 12:14 வாக்கில் பாருங்கள். தூக்குக்குண்டு கட்டிச் செங்குத்துச் சரிபார்த்துவிட்டு, பதினொன்றே முக்காலுக்கே குடையோடு மாடிக்குப் போய்விடுங்கள்.